மூன்று தராசுகளும் ஒத்தீலியாவும்

ஜிம்மின் பெண்கள் குளியலறையில் அன்று காலை மூன்று பேர் குந்தியிருந்தோம். எங்களுக்கு நடுவில் ஒரு கண்ணாடித் தராசு. அதன்மேல் இரண்டு வெறுங்கால்கள். கால்களுக்கு மேலே இருந்த முகத்தைப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் இல்லை.

தராசின் எண் இரண்டு தரம் துடித்துவிட்டு நின்றது. ஐம்பது கிலோவும் எண்ணூறு கிராமும்.

“சரியா எல்லையிலை நிக்குது,” என்றார் கொன். அந்த ஜிம்மின் சொந்தக்காரர். டண்டினொங்கிலேயே பிறந்து வளர்ந்த கிரேக்கர். “முடிஞ்சுது. மத்தியானம் வரைக்கும் போய்ப் படுக்கட்டும்.”

ராமிரோ இல்லையென்று தலையை ஆட்டினார். மெக்சிக்கோவிலிருந்து கூடவே வந்த பயிற்சியாளர் அவர். ஐந்து நிமிடத்துக்கு முன் கொன்னின் தராசில் அதே பெண்ணை ஏற்றி இறக்கியிருந்தார்கள். அதில், அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த இந்தக் கண்ணாடித் தராசைவிட நூறு கிராம் குறைவாக இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

“உங்கள் தராசு காலையில் குறைத்துக் காட்டும். மத்தியானம் கூட்டிக் காட்டும். இந்த விளையாட்டை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் இருநூறு கிராம் இறங்க வேண்டும்.”

சொல்லிவிட்டு, வியர்க்க வைக்கும் பிளாஸ்டிக் உடுப்பையும் துள்ளும் கயிற்றையும் நீட்டினார்.

தராசின்மேல் நின்றவள் ஒத்தீலியா. உலகப் பட்டம் வைத்திருந்த குத்துச்சண்டை வீராங்கனை. மத்தியானம் அதிகாரிகள் முன்னால் நிறை பார்ப்பார்கள். எல்லைக்கு மேல் துளி கூடினாலும், மறுநாள் ஒரு குத்துக்கூட விழாமலே பட்டம் போய்விடும். முதல் நாளிலிருந்து அவள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. உதடு, காய்ந்த அப்பளம் மாதிரி வெடித்திருந்தது.

கயிற்றை வாங்க அவள் கையை நீட்டினாள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அதற்குமுன், அப்படியொரு இடத்தில் என்னைப் போன்ற ஒருத்தி ஏன் குந்தியிருந்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பந்து என்னை அடித்தது

அந்த ஜிம்மில் நான் சேர்ந்ததற்கு மூன்று காரணங்கள். ஒன்று, முதுகுவலி. இரண்டு, அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்தது, கார் நிறுத்த இடமும் இருந்தது. மூன்று, சனிக்கிழமைகளில் அம்மா என்னை யாராவது ஒரு மாப்பிள்ளையின் தாயாரோடு கோப்பி குடிக்க வைத்துக்கொண்டிருந்தா. மூன்றாவதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

முதல் நாள், மேலும் கீழும் ரப்பர் கட்டித் தொங்கும் சின்னப் பந்தை அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். அது போய்விட்டு, நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் திரும்பி வந்தது. மூக்கில் இரத்தம். என் குத்துச்சண்டை வாழ்க்கையில் விழுந்த முதல் அடியும் கடைசி அடியும் நானே எனக்கு அடித்ததுதான்.

மூக்கில் பஞ்சோடு இருந்தவளிடம் கொன் கேட்டார்: “நீ என்ன வேலை செய்யிறாய்?”

“தராசு பார்க்கிறது.”

உண்மைதான். எலெக்ட்ரோனிக்ஸ் படித்துவிட்டு, தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று சோதிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்தேன். கோழி பொதி செய்யும் தொழிற்சாலை, பிள்ளைப்பேற்று வாட், பெட்டி நிறுக்கும் விமானநிலையம் என்று, மெல்பேர்ணில் எங்கெல்லாம் எதையாவது நிறுக்கிறார்களோ அங்கெல்லாம் எடைப் படிக்கற்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போவேன். அம்மா சொந்தக்காரரிடம் “மகள் எஞ்சினியர்” என்று சொல்லிவிட்டு உடனே வேறு கதைக்குத் தாவிவிடுவா. ஒருமுறை கேரம் டவுன்ஸ் கோயிலில் ஒரு அன்ரி விடாமல் துருவி, “அப்ப கடையிலை மரக்கறி நிறுக்கிற மாதிரியோ பிள்ளை?” என்று கேட்டா. ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

கொன்னுக்கு என் தொழில் பிடித்துப்போனது. ஜிம்மின் தராசைப் பார்த்துத் தரச் சொன்னார். பார்த்தேன். அது ஒன்றரைக் கிலோ குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. திருத்தினேன். மறுநாள் காலை ஜிம்மில் எல்லாரும் ஒரே இரவில் ஒன்றரைக் கிலோ கூடிப்போனார்கள். என்னோடு ஒருவரும் முகம் கொடுத்துப் பேசாத காலம் அது.

அதன் பிறகு என்னை அடிக்க விடவில்லை. மணி அடிக்கவும் தராசு பார்க்கவும் வைத்துக்கொண்டார்கள். ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் ஒத்தீலியா அங்கே பயிற்சிக்கு வந்தபோது, என்னுடைய பதவி அதுதான்.

பல் செய்கிறவள்

அவள் வருவதற்கு முன், ஒரு சாம்பியன் எப்படி இருப்பாள் என்று மனதில் ஒரு படம் வைத்திருந்தேன். வந்தவள் என் தோளளவு இருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கையில் ஒரு பெரிய பொட்டலத்தைச் சால்வையில் சுற்றி, குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு இறங்கினாள். பட்டத்துப் பெல்ட்டாக்கும் என்று நினைத்தேன். பெல்ட், விமானத்தில் சப்பாத்துகளோடு பெட்டிக்குள் வந்திருந்தது. சால்வைக்குள் இருந்தது தராசு.

அவளுடைய ஊர் தொலூக்கா. மலைமேல் இருக்கும் நகரம். பகலில் ஒரு பல் கூடத்தில் வேலை. மெழுகில் அச்சு எடுத்து, உலோகம் வார்த்து, பொய்ப்பல் செய்வாள். மாலையில் குத்துச்சண்டை. “ஒரு கையால் பல் செய்வேன், மறு கையால் கழற்றுவேன்” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவளுடைய ஆங்கிலம் பல் மருந்துப் பெட்டிகளில் படித்த ஆங்கிலம். “கலக்கவும், காத்திருக்கவும், உறுதியாக அழுத்தவும்” என்பதெல்லாம் நன்றாக வரும். அதைக்கொண்டே எல்லாவற்றையும் சமாளித்தாள். ராமிரோவுக்கு அதுவும் இல்லை. அவர் சொல்வதை அவள்தான் எங்களுக்குச் சொல்வாள்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, அவர்களுடைய தலைநகரில் பெண்கள் காசுக்குக் குத்துச்சண்டை போடக் கூடாது என்று சட்டம் இருந்ததாம். கொன் உடனே, “இவ்வளவு ஏன், சிட்னியிலை இப்ப இப்ப வரைக்கும் அதே கதைதானே” என்றார். அதனால் அவளுடைய தொடக்கச் சண்டைகள் எல்லாம் ஊர்த் திருவிழாக்களில். ராட்டினத்துக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் நடுவில் ஒரு மேடை. முதல் வெற்றிக்குப் பரிசாக ஒரு தையல் மெஷின் கொடுத்தார்கள். தையல் தெரியாது. தோற்றுப்போன பெண்ணுக்குத் தெரியுமாம். அவளுக்கே கொடுத்துவிட்டு வந்தாளாம்.

பிறகு சட்டம் போனது. அவள் ஏறினாள். முதல் உலகப் பட்டத்தை வென்றபோது, பல் கூடத்து முதலாளி வாசலில் அவள் படத்தை ஒட்டினார். படத்தில் அவள் வாய் திறந்திருந்தது. விளம்பரத்துக்கு நல்லது என்று அப்படி எடுத்ததாம்.

இரண்டாவது தடவை பட்டத்தைக் காக்க வெளிநாடு ஒன்றுக்குப் போனார்கள். ஹோட்டல் குளியலறைத் தராசை நம்பி நிறை குறைத்தார்கள். அது குறைத்துக் காட்டும் தராசு. நிறை பார்க்கும் மேடையில் ஏறியபோது ஒரு பாண் துண்டளவு நிறை கூடியிருந்தது. பட்டம் அந்த இடத்திலேயே போனது. அவர்களுடைய விதி அப்படி: சாம்பியன் நிறை தவறினால், சண்டையில் வென்றாலும் பட்டம் திரும்பி வராது. எதிராளி வென்றால் எதிராளிக்கு. சண்டை நடந்தது. ஒத்தீலியா வென்றாள். வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாள்.

“ஒரு பெண் என்னை அடித்து எடுத்தால் சரி,” என்றாள் என்னிடம். “அவளுக்குக் கை கொடுப்பேன். ஒரு பெட்டி எடுத்தது. பெட்டிக்கு எப்படிக் கை கொடுப்பது?”

ஊருக்குப் போய் முதல் வேலையாக ஒரு நல்ல தராசு வாங்கினாள். தொலூக்காவில் என்னைப்போல ஒருவர் இருந்தார். அவரிடம் கொடுத்து, தன் கண்முன்னாலேயே படிக்கல் வைத்துச் செம்மைப்படுத்தினாள். பட்டத்தைத் திரும்ப வெல்ல நான்கு வருடம் எடுத்தது. அந்த நான்கு வருடமும் உள்ளூரில்தான் சண்டைகள். எல்லாவற்றுக்கும் அதே தராசு. ஒரு தடவைகூடத் தவறவில்லை. மெல்பேர்ணுக்கு வந்தது, அந்தத் தராசு கடல் கடந்த முதல் பயணம்.

அம்மாவின் கணக்கில் அது விரதம்

ஒரு ஞாயிறு, ஒத்தீலியாவை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். ஒரு மாதமாக ஜிம்மையும் வாடகை அறையையும் மட்டும் பார்த்தவள், பாவம் என்றுதான். அம்மாவை நன்றாகத் தெரிந்தும் அதைச் செய்தேன்.

அம்மா தமிழில் பேசினா. அவள் ஸ்பானிய மொழியில் பேசினாள். நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க நடுவில் நின்றேன். இரண்டு நிமிடத்தில் எனக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. மேசை என்றால் அவளுக்குத் தெரிந்தது. குசினி என்ற சமையலறையும் தெரிந்தது. வாசலில் “சப்பாத்தைக் கழட்டு பிள்ளை” என்றதும் கழற்றினாள். ஸ்பானிய மொழியிலும் ஏறக்குறைய அதே சொற்கள்; போர்த்துக்கேயர் எங்கள் ஊரில் விட்டுப்போன நல்ல காரியம் இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு வந்தபோதுதான் சிக்கல். அவள் கையை நெஞ்சில் வைத்து மறுத்தாள்.

“ஏன் பிள்ளை, காய்ச்சலோ?”

“இல்லையம்மா. சண்டை முடியும் வரைக்கும் அவ கனக்கச் சாப்பிடக் கூடாது.”

“இன்னும் எத்தினை நாள்?”

“மூண்டு கிழமை.”

அம்மாவின் முகம் மாறியது. மரியாதை வந்தது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடிக்கவே மூன்றாம் நாள் எனக்குத் தலை சுற்றும். இந்தப் பிள்ளை மூன்று கிழமை பிடிக்கிறாள்.

“விரதம் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே. அப்ப பாலும் பழமும் குடுக்கலாம்.”

“அம்மா, இது சாமிக்குப் பிடிக்கிற விரதம் இல்லை.”

“ஆருக்குப் பிடிச்சால் என்ன? விரதம் விரதம்தான். பாரணை நான்தான் சமைப்பன். அண்டைக்கு வெளியிலை ஒண்டும் வாங்கிக் குடுத்துப்போடாதை.”

பாரணை என்றால் விரதத்தை முறிக்கும் சாப்பாடு. நிறை பார்க்கும் நாளை நாட்காட்டியில் அம்மா சிவப்பு மையால் வட்டம் போட்டா. ஒத்தீலியா அரைத் தோடம்பழம் சாப்பிட்டுவிட்டு, அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துப் போனாள். அம்மா அன்று முழுக்கக் கன்னத்தைத் தொட்டுக்கொண்டே திரிந்தா. நான் அம்மாவுக்கு முத்தம் கொடுத்துப் பல வருடம். எஞ்சினியர்களுக்கு அதெல்லாம் வராது.

ஒரு கிலோ சோளமா

இப்போது குளியலறைக்குத் திரும்புவோம். ஒத்தீலியா கயிற்றுக்குக் கை நீட்டியிருக்கிறாள்.

“வேண்டாம்,” என்றேன். “இந்தத் தராசுதான் கூட்டிக் காட்டுகிறது. அவள் உண்மையில் நூறு கிராம் குறைவு. இன்னும் வியர்த்தால் நாளைக்கு ரிங்குக்குள் அவளிடம் ஒன்றும் மிஞ்சாது.”

ஒத்தீலியா அதை ராமிரோவுக்குச் சொன்னாள். தன் குலதெய்வத்தின் மேல் நான் துப்பியதுபோல ராமிரோ என்னைப் பார்த்தார்.

நான் விளக்கினேன். விளக்குவதுதான் என் வியாதி. பூமி சரியான உருண்டை இல்லை, நடுவில் பருத்தது. தொலூக்கா நடுக்கோட்டுக்குக் கிட்ட, அதிலும் மலைமேல். அங்கே பூமி நம்மைக் கொஞ்சம் தளர்வாகத்தான் இழுக்கும். மெல்பேர்ண் தெற்கே, கடல் மட்டத்தில். இங்கே இறுக்கி இழுக்கும். தராசுக்கு அந்த இழுவை மட்டும்தான் தெரியும். அங்கே செம்மைப்படுத்திய தராசை இங்கே கொண்டுவந்தால் கிலோவுக்கு இரண்டு கிராம் கூடக் காட்டும். ஐம்பது கிலோவுக்கு நூறு.

சொல்லி முடித்தபோது கொன் கொட்டாவி விட்டார்.

“மத்தியானம் வரப்போகும் தராசு?” ராமிரோ கேட்டார்.

“அது சரியானது. போன கிழமை நான்தான் சோதித்தேன்.”

“இந்த ஜிம் தராசு?”

“அதுவும் நான்தான்.”

ஒத்தீலியா மொழிபெயர்த்தாள். ராமிரோ இரண்டு கைகளையும் விரித்தார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

காருக்கு ஓடினேன். அலுவலகப் படிக்கற்களைத் தூக்கி வந்தேன். பத்துக் கிலோ இரும்புக் கட்டிகள் ஐந்து. முதுகுவலி எந்த ஜிம்மில் போகவில்லையோ அதே ஜிம்மில் இன்னும் மோசமானது. ஐந்தையும் அவர்கள் தராசில் அடுக்கினேன். ஐம்பதும் நூறு கிராமும் காட்டியது.

“பார்த்தீங்களா?”

ராமிரோ ஒரு கட்டியைத் தட்டிப் பார்த்தார். “இதுவும் உன்னுடையதுதானே?”

அவருடைய பக்கத்தில் தர்க்கம் நூறு வீதம் சரி. அந்த நகரத்தில் தராசும் என்னுடையது, படிக்கல்லும் என்னுடையது, எதிராளியும் மெல்பேர்ண்காரி.

அவர் தன் பையைத் திறந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த சோளமாப் பைக்கற் ஒன்றை எடுத்தார். பிரிக்காத ஒரு கிலோ. தங்கள் தராசில் ஒரு மரப்பலகையை வைத்து, அதன்மேல் பைக்கற்றை வைத்தார். பலகை போக ஒரு கிலோ. வெளியே போய் கொன்னின் தராசிலும் அப்படியே வைத்தார். ஒரு கிலோ. வெற்றியோடு திரும்பி வந்தார்.

“எங்கள் மா. எங்கள் தராசு. சரியாக இருக்கிறது. கயிறு எங்கே?”

ஒரு கிலோவில் இரண்டு கிராம் வித்தியாசம் அந்தத் தராசில் தெரியவே தெரியாது என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினேன் என்றும் நினைக்கிறேன். கடைசியில் தமிழில்.

தராசருகே நின்ற ஒத்தீலியா, மாப் பைக்கற்றைக் கையில் எடுத்தாள். நிறுத்துப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு அந்த ஐந்து இரும்புக் கட்டிகளைப் பார்த்தாள்.

“உலோகம் வார்த்தால் ஆறும்போது சுருங்கும்,” என்றாள். “ஒரு பல்லில் தெரியாது. அது பொருந்தும். முழுத் தாடைக்கும் செய்தால் தெரியும். வாய்க்குள் போகாது.” என் பக்கம் திரும்பினாள். “அதுதானே?”

அந்தக் குளியலறையில் என்னை யாராவது கட்டிப்பிடிக்க விட்டிருந்தால் பிடித்திருப்பேன். “அதுதான். அதேதான்.”

“அப்படியென்றால் இன்ஹெனியேரா,” என்றாள். எஞ்சினியர் அம்மா என்று அர்த்தம். அவளுக்கு என்மேல் அன்பு வந்தால் அப்படிக் கூப்பிடுவாள், கிண்டல் வந்தாலும் அப்படித்தான். “எனக்கு இப்போது நூறு கிராம் மிச்சம் இருக்கிறதா?”

“ஏறத்தாழ. மத்தியானத்துக்குள் மூச்சிலும் கொஞ்சம் போகும். தராசின் பிழை ஒரு ஐம்பது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ…”

“தண்ணீர் குடிக்கலாமா?”

“அரைக் கிளாஸ். அதாவது, கொள்கையளவில்…”

“ஆமா, இல்லை?”

என் தொழிலில் யாரும் ஆமா, இல்லை என்று சொல்வதில்லை. எங்கள் எல்லா விடைக்கும் பின்னால் கூட்டல் கழித்தல் ஒன்று நிற்கும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூட அப்படித்தான் பதில் சொல்லியிருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் நின்றவளுடைய உதட்டில் ஒரு வெடிப்பில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நான்கு வருட உழைப்பை அவள் என் கையில் வைத்துவிட்டு நிற்கிறாள். நான் பிழை என்றால், இந்த முறையும் பெட்டிதான் எடுக்கும்.

“ஓம்,” என்றேன்.

கிளாஸில் பாதியை விரலால் காட்டினேன். ராமிரோ கதவை அறைந்துவிட்டு வெளியே போனார். அவள் மெதுவாகக் குடித்தாள். என் விரல் இருந்த இடத்துக்குத் தண்ணீர் இறங்கியது. நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஒரு மிடறு குடித்தாள்.

“அது கணக்கிலை இல்லையே!” என்றேன்.

“அது எனக்கு,” என்றாள்.

துவாய் பிடித்தவள்

நிறை பார்த்தது ஒரு ஹோட்டலின் கூட்ட அறையில். கம்பளத்தில் பழைய கறி வாசம். எதிராளி டானா வந்திருந்தாள். உள்ளூர்ப் பெண், ஆஸ்பத்திரியில் தாதி. அவள் முதலில் ஏறினாள். சுகமாக எல்லைக்குள் நின்றாள்.

ஒத்தீலியா மேலுடுப்பையும் கழற்ற வேண்டி வந்தது. கண்ணாடியையும் கழற்றி என்னிடம் தந்தாள். சுற்றி மறைக்கப் பெரிய துவாய் ஒன்றைப் பிடிக்க இரண்டு பெண்கள் வேண்டும். அங்கே நின்றவர்கள் நானும் அம்மாவும்தான். அம்மா, பாரணைச் சாப்பாட்டோடு முன்னதாகவே வந்துவிட்டிருந்தா.

“அம்மா, துவாய் தராசிலை முட்டக் கூடாது. முட்டினால் பாரம் கூடும்.”

“எனக்குத் தெரியும் பிள்ளை. நான் எத்தினை பேருக்குக் கூறைச்சீலை மாத்தப் பிடிச்சிருக்கிறன்.”

அம்மாவின் பக்கம் உறுதியாக நின்றது. ஆடியது என் பக்கம்தான். துவாயின் ஓரம் தராசை நோக்கி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, அந்த ஒரு மிடறை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மிடறு முப்பது கிராமா, ஐம்பதா? அவளுடைய வாய் பெரிதா, சின்னதா? இதையெல்லாம் யோசிக்கிற ஒருத்தியிடம் ஏன் துவாயைக் கொடுத்தார்கள்?

அதிகாரி குனிந்தார். தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். திரும்பக் குனிந்தார்.

“ஐம்பது, எண்ணூறு.”

எல்லையில். ஒரு துளி கூடவில்லை.

ராமிரோ என்னிடம் வந்தார். கை குலுக்கப் போகிறார் என்று நினைத்தேன். என் கையிலிருந்த துவாயை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். ஒத்தீலியா ஒரு போத்தல் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள். பிறகு அம்மாவின் முன்னால் தரையில் சப்பணம் கட்டி உட்கார்ந்து, சோறும் பருப்பும் பாயசமும் சாப்பிட்டாள். அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார். அவர் கேட்டதற்கு, “சாம்பியனுடைய சமையல்காரி” என்று அம்மாவே சொல்லிவிட்டா. எஞ்சினியரின் தாய் என்பது அன்றைக்கு நினைவில்லை.

யாருக்கும் பிடிக்காத முடிவு

மறுநாள் சண்டை, கூடைப்பந்துக் கோடுகள் போட்ட ஒரு மண்டபத்தில். பத்து ரவுண்ட். அதை எழுத நான் தகுதியான ஆள் இல்லை. நான் பார்த்தது எல்லாம் விரல்களுக்கு நடுவால். ஒத்தீலியா முன்னுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். டானா நீட்டுக் கையால் தள்ளிக்கொண்டே இருந்தாள். வியர்வை விளக்கு வெளிச்சத்தில் தூளாகப் பறந்து முதல் வரிசையில் விழுந்தது. ஐந்தாம் ரவுண்டில் ஒத்தீலியாவின் கண் வீங்கியது. எட்டாம் ரவுண்டில் டானா ஒரு முழங்கால் மடிந்து, கயிற்றைப் பிடித்து நிமிர்ந்தாள். கடைசி ரவுண்டில் இரண்டு பேரும் நடு ரிங்கில் நின்று அடித்துக்கொண்டார்கள். மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. அம்மா, “கையைத் தூக்கு பிள்ளை, கையைத் தூக்கு!” என்று கத்தினா. ஒரு நேரத்தில் அம்மா யாருக்குக் கத்துகிறா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும்தான் என்று பிறகு சொன்னா.

மணி அடித்தது. நடுவர்களின் புள்ளிகளை வாசித்தார்கள். சமநிலை.

மண்டபம் கூச்சல் போட்டது. நான் கொன்னைப் பிடித்து உலுக்கினேன்.

“அவ வெண்டிட்டாவோ?”

“இல்லை.”

“தோத்திட்டாவோ?”

“இல்லை. சமநிலை எண்டால் பட்டம் வைச்சிருக்கிறவளுக்கே திரும்பப் போகும்.”

முன்பு வென்றும் பட்டத்தை இழந்தவள், இப்போது வெல்லாமலே வைத்திருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடை மாற்றும் அறைக்கு ஓடினேன். ஒத்தீலியா மேசைமேல் உட்கார்ந்திருந்தாள். ராமிரோ அவள் கைக்கட்டை வெட்டிக்கொண்டிருந்தார். பெல்ட் ஒரு கதிரையில் கிடந்தது.

“வாழ்த்துக்கள்!” என்றேன். “பெல்ட் உங்களிட்டைத்தானே!”

திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். “வென்றது யார்?”

“ஒருவரும் இல்லை. அதாவது, இரண்டு பேருக்கும் இடையில் அளக்கக்கூடிய வித்தியாசம்…”

“இன்ஹெனியேரா,” என்றாள். “வாயை மூடு.”

ராமிரோ முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் மேசையிலிருந்து இறங்கினாள். ஒரு கையில் கட்டு வெட்டியும் வெட்டாமலும் தொங்க, நடைக்கூடத்தைக் கடந்து டானாவின் அறைக் கதவைத் தட்டினாள். ஆங்கிலம் பேச நானும் பின்னால் போனேன். டானா கன்னத்தில் ஐஸ் வைத்தபடி கதிரையில் இருந்தாள்.

“திரும்ப,” என்றாள் ஒத்தீலியா. “என் ஊரில். ஒரு ஆள் வெல்ல வேண்டும்.”

டானா யோசிக்கவில்லை. “வாறன். எப்ப எண்டு சொல்லு.” பிறகு ஐஸுக்கு மேலால் சிரித்தாள். “ஆனால் நானும் என்ரை தராசைக் கொண்டுதான் வருவன். நீ கொண்டுவந்ததெண்டு கேள்விப்பட்டனான். நல்ல யோசினை.”

எனக்குத் தலைக்குள் கணக்கு ஓடியது. மெல்பேர்ண் தராசு, தொலூக்கா மலைமேல். நூறு கிராம் குறைத்துக் காட்டும். சரியாக எல்லையில் நிற்கிறேன் என்று நம்பி டானா மேடையேறுவாள், கூடி நிற்பாள். நிறை தவறியவளுக்குப் பட்டம் கிடையாது. சண்டை தொடங்க முன்னமே ஒத்தீலியாவின் பெல்ட்டை அவளால் எடுக்க முடியாமல் போய்விடும். நான் ஒத்தீலியாவின் ஆள். சொல்லவா, விடவா? இந்தப் பக்கத்தில் இவ்வளவு, அந்தப் பக்கத்தில் இவ்வளவு என்று நான் அடுக்கத் தொடங்கியிருந்தேன்.

“கொண்டு வராதே,” என்றாள் ஒத்தீலியா. “அங்கே அது உனக்குப் பொய் சொல்லும். என் தராசில் ஏறு. நான் ஏறின பிறகு நீ.”

“ஏன்? அங்கை என்ன?”

ஒத்தீலியா என்னைக் காட்டினாள். “இவள் சொல்லுவாள்.” சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பூமி சரியான உருண்டை இல்லை என்பதிலிருந்து தொடங்கினேன். பாவம், டானாவால் எழுந்து ஓட முடியவில்லை. டொக்டர் அரை மணித்தியாலம் அசையாமல் இருக்கச் சொல்லியிருந்தார்.